செல் செத்தால் சீலர் விஷமா? வேர்க்குழாய் நிரப்புப் பொருளைச் சோதிக்கும் விதம்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு தகப்பனார் கேட்டிருக்கும் கேள்வி, சுருக்கமாக இது. மகள் பல் மருத்துவம் இறுதியாண்டு படிக்கிறாள். பல்லின் வேர்க்குழாயை அடைக்கும் பசைகளான மூன்று சீலர்களை, இறுகும் முன்பே சாறெடுத்து, எலிச் செல்களின் மேல் சோதித்துப் பார்த்தாள். எபோக்சி சீலரில் அநேகமாக எல்லாச் செல்லும் செத்தன. கிராம்புச் சத்துள்ள துத்தநாகச் சீலரிலும் அதே கதை. விலை கூடின பயோசெராமிக் சீலரிலும் பாதிக்கு மேல் போய்விட்டது. அந்த எபோக்சி சீலரைத்தான் ஊர் கிளினிக்கில் மனைவியின் கீழ்க் கடைவாய்ப் பல்லுக்குப் போடப் போகிறார்கள். மனைவி முன்பு ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்; பிறகு கையுறைத் தொழிற்சாலைக்குப் போய், கையெல்லாம் அரிப்பும் புண்ணுமாகி வேலையை விட்டவர். “பல்லுக்குள் வைப்பதும் ரப்பர்தான் என்கிறார்கள். வைக்கலாமா? மகள் செய்த சோதனை சரிதானா?”

வைக்கலாம். அதற்கு முன் பல் மருத்துவரிடம் சொல்லவேண்டியவை சில உண்டு; கடைசியில் சொல்கிறேன். மகளின் சோதனையும் தப்பில்லை. ஆனால் அது எந்தக் கேள்விக்கு விடை என்று பார்க்கவேண்டும். இறுகாத சீலரை ஊறவைத்து எடுத்த சாற்றை, தப்பிக்க வழியில்லாத செல்களின் மேல் 24 மணி நேரம் ஊற்றி வைத்தால் என்ன ஆகும் என்பதற்கான விடை அது. மங்கில் கிடக்கும் ரப்பர் பாலும், ஆசிட் விட்டு உறையவைத்து, உருளையில் நசுக்கி, புகையில் காய்ந்த ஷீட்டும் ஒரே மரத்துச் சரக்குதான். ஒன்றைத் தொட்டுவிட்டு மற்றதைப் பற்றிப் பேசமுடியுமா? சீலரிலும் அப்படித்தான். எப்போது சோதித்தாய், பல்லின் எந்த இடத்தை மனத்தில் வைத்துச் சோதித்தாய் என்று கேட்காமல் ‘உயிர் இணக்கம் (உடலுக்குத் தீங்கில்லாத தன்மை) உண்டு, இல்லை’ என்று எழுதும் அறிக்கையை நான் நம்பமாட்டேன்.

பல்லுக்குள் போவது என்ன என்பதை முதலில் பார்த்துவிடுவோம். வேர்க்குழாயைச் சுத்தம் செய்தபின் உள்ளே போகும் ஆரஞ்சு நிறக் குச்சி கட்டாபெர்ச்சா. பெயரே மலாய்தான், ‘கெத்தா’ என்றால் மரப்பால் என்று தோட்டத்தில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. ஆனால் இது நம் பால்மரத்துப் பால் இல்லை. பால்மரம் பிரேசிலிலிருந்து வந்தது. உங்கள் ஊருக்குப் பக்கத்தில் கோலகங்சாரில் 1877இல் நட்டவை அதன் முதல் கன்றுகளில் சேர்ந்தவை. கட்டாபெர்ச்சா தரும் தாபான் மரமோ இந்தக் காட்டிலேயே பிறந்தது, இலுப்பை, சப்போட்டா குடும்பத்து மரம். சிங்கப்பூரிலிருந்த மருத்துவர் வில்லியம் மான்ட்கோமரி 1843இல் அதன் மாதிரியை லண்டனுக்கு அனுப்பினார். கடலடித் தந்திக் கம்பிக்கு உறையாக அது டன் கணக்கில் போனது. 1867இல் அமெரிக்கப் பல் மருத்துவர் போமன் வேர்க்குழாயை அடைக்க அதைப் பயன்படுத்தினார். வேதியியலில் இரண்டும் பாலிஐசோபிரீன்தான்; மூலக்கூறு அடுக்கப்பட்ட விதம்தான் வேறு, ரப்பர் ‘சிஸ்’ அமைப்பு, கட்டாபெர்ச்சா ‘டிரான்ஸ்’. அந்த ஒரு மாற்றத்தால் ரப்பர் இழுபடுகிறது, கட்டாபெர்ச்சா விறைப்பாக நிற்கிறது.

குச்சியில் கட்டாபெர்ச்சா ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான். மீதியில் பெரும்பகுதி துத்தநாக ஆக்சைடு; எக்ஸ்ரேயில் தெரிவதற்காக பேரியம் சல்பேட் போன்ற உலோக உப்பு, கொஞ்சம் மெழுகு, பிசின். இந்தக் குச்சி பொதுவாகச் சாது. குறும்பு செய்வது குச்சிக்கும் குழாய்ச் சுவருக்கும் இடையே பசைபோல் போகும் சீலர். அது ஈரமாக உள்ளே போய், உள்ளேயே இறுகுகிறது. இறுகும்வரை அதன் வேதிப்பொருள்கள் கசிகின்றன. வேர் நுனி வழியாக வெளியே பிதுங்கவும் கூடும். ஆகவே சோதனையில் பெரும்பங்கு சீலரைப் பற்றியதே.

விதிமுறை என்று பார்த்தால், உலகத் தர அமைப்பான ஐஎஸ்ஓவின் 10993 வரிசை எல்லா மருத்துவச் சாதனங்களுக்கும் பொது. பல் பொருள்களுக்கென்றே இருப்பது ஐஎஸ்ஓ 7405. மாணவர்கள் அடிக்கடி குழப்பிக்கொள்வது ஐஎஸ்ஓ 6876ஐ. அது சீலரின் உடல்தன்மைக்கானது: படலத்தின் தடிமன் 50 மைக்ரானுக்கு மேல் போகக்கூடாது, கரைவு 3 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது, எக்ஸ்ரேயில் 3 மில்லிமீட்டர் அலுமினியத்துக்கு நிகராகத் தெரியவேண்டும், இப்படி. உயிர் இணக்கத்தை அது அளப்பதில்லை. ஆனாலும் கரைவு கூடின சீலர் செல் சோதனையில் நல்ல பெயர் எடுப்பது அபூர்வம். எது கரைகிறதோ அதுதானே செல்லைத் தொடுகிறது. 10993 கணக்கில் இந்தப் பொருள் திசு, எலும்பு, டென்டின் (பல்லின் உட்புறக் கடினப்பகுதி) ஆகியவற்றோடு 30 நாளுக்கு மேல் தொடர்பில் இருப்பது. அதனால் செல் நச்சு மட்டும் பார்த்தால் போதாது. ஒவ்வாமை, உறுத்தல், மரபணுச் சேதம், உடலுக்குள் பதித்துப் பார்த்தல் வரை எல்லாவற்றுக்கும் சோதனையோ, தேவையில்லை என்பதற்கான காரணமோ காட்டவேண்டும். மகள் செய்தது இந்த நீண்ட ஏணியின் முதல் படி.

அந்த முதல் படியைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், தவறு நடப்பதெல்லாம் அங்கேதான்.

மாதிரி வில்லை செய்வதிலிருந்து தொடங்குவோம். 10 மில்லிமீட்டர் குறுக்களவு, 2 மில்லிமீட்டர் உயரமுள்ள டெஃப்லான் அச்சு வைத்துக்கொள்ளலாம். எபோக்சி சீலர் இரண்டு பசைகளாக வரும். கனஅளவில் சரிக்குச் சரி கலக்கவேண்டும். கண்ணளவில் பிதுக்கினால் ஒரு பக்கம் மிஞ்சும். மிஞ்சின பசை, அமீன் பக்கமானாலும் எபோக்சி பக்கமானாலும், இறுகாமல் கிடந்து செல்லைக் கொல்லும்; குற்றம் சீலர்மேல் விழும். தானே கலந்து தரும் சிரிஞ்சாக இருந்தால் முதலில் வரும் துளியைத் துடைத்தெறிந்துவிட்டு அடுத்ததை எடுக்கவேண்டும். துத்தநாக யூஜெனால் சீலரில் தூளைக் கிள்ளிக் கிள்ளிப் போட்டுக் கலப்பதால் ஒவ்வொரு கலவையிலும் விகிதம் மாறும். நிறுத்துப் போடாமல் செய்த சோதனையை இரண்டாம் முறை யாராலும் செய்துகாட்ட முடியாது.

இறுகும் சூழல் 37 டிகிரி, ஈரப்பதம் 95 விழுக்காட்டுக்குக் குறையாமல். நம் ஊர்ப் புழுக்கம் போதும் என்று மேசைமேல் வைத்துவிட்டுப் போவதைப் பார்த்திருக்கிறேன். ஏர்கோன் ஓடும் ஆய்வுக்கூடத்தில் அந்தப் புழுக்கம் எங்கே இருக்கிறது? முன்பே கலந்து சிரிஞ்சில் வரும் கால்சியம் சிலிகேட் சீலர்களுக்கு, அதாவது ‘பயோசெராமிக்’ என்று விற்பவற்றுக்கு, தண்ணீர் வெளியிலிருந்து வந்தால்தான் இறுகும். பல்லில் டென்டின் நுண்குழல்களின் ஈரம் அதைக் கொடுக்கிறது. டெஃப்லான் அச்சுக்குள் கண்ணாடியை மேலும் கீழும் மூடி வைத்தால் நடுப்பகுதி வாரக்கணக்கில் பசையாகவே கிடக்கும். உடல்தன்மைச் சோதனையில் இதற்காகச் சுண்ண அச்சு பயன்படுத்துவார்கள். செல் சோதனைக்கு நான் அதைச் சொல்லமாட்டேன். சுண்ணத்தின் கால்சியம் சல்பேட்டும் சாற்றில் கலந்துவிடும். கிருமி நீக்கிய கோஸ் துணியை நனைத்து இருபுறமும் வைப்பது நல்லது.

இறுகக் கொடுக்கும் நேரம்தான் முடிவைத் தீர்மானிக்கிறது. ஏஎச் பிளஸ் போன்ற எபோக்சி சீலர் 37 டிகிரியில் இறுகக் குறைந்தது 8 மணி நேரம் என்று தயாரிப்பாளரே சொல்கிறார். கலந்த உடனே சாறு எடுத்தால் அது கொல்லும். ஆய்வுக்கு ஆய்வு அளவு மாறினாலும் திசை மாறுவதில்லை. இறுகியபின், நாள் ஆக ஆக, கொடுமை தணியும். ஆகவே ஒரே சீலருக்கு இரண்டு வரிசை வைக்கவேண்டும்: கலந்த உடனே ஒன்று, 37 டிகிரியில் முழுதும் இறுகவிட்டு ஒன்று. கைவசம் நேரம் இருந்தால் இறுகிய வில்லையையே 1, 7, 28 நாள்களில் புதுத் திரவத்தில் மாற்றி மாற்றி ஊறவைத்து ஒவ்வொரு சாறையும் தனித்தனியாகப் பார்க்கலாம். வேர் நுனியில் இருக்கும் திசு பார்ப்பது இந்த இறங்கும் கோட்டைத்தான், ஒற்றைப் புள்ளியை இல்லை.

சாறு எடுக்கும் கணக்கு. மேலே சொன்ன வில்லைக்கு இரண்டு முகமும் சேர்ந்து 1.57 சதுர சென்டிமீட்டர், ஓரம் 0.63, மொத்தம் 2.2. வார்த்துச் செய்த, 1 மில்லிமீட்டருக்கு மேல் தடிமனுள்ள பொருளுக்கு ஒரு மில்லிலிட்டருக்கு 3 சதுர சென்டிமீட்டர் என்பது ஐஎஸ்ஓ 10993-12 தரும் விகிதம். அப்படியானால் ஒரு வில்லைக்குத் திரவம் 0.73 மில்லிலிட்டர்தான். வில்லை மூழ்கவில்லையே என்று 2 மில்லிலிட்டர் ஊற்றினால் சாறு கிட்டத்தட்ட மூன்று மடங்கு நீர்த்துப்போய், எல்லாச் சீலரும் நல்லதாகத் தெரியும். மூழ்கவேண்டுமானால் வில்லைகளின் எண்ணிக்கையைக் கூட்டி, குறுகலான குப்பியில் போடுங்கள். ஊறவைப்பது 37 டிகிரியில் 24 மணி நேரம். திரவம் சீரம் (ரத்தத்திலிருந்து பிரித்த நீர்) சேர்த்த செல் வளர்ப்புத் திரவமாக இருந்தால் தண்ணீரில் கரைவதும் கொழுப்பில் கரைவதும் இரண்டும் ஓரளவு வரும். சீரத்தின் புரதங்கள் சில நச்சுகளைப் பிடித்துவைத்துக்கொள்ளும் என்பதால் அதன் அளவை அறிக்கையில் எழுதாமல் விடக்கூடாது. சாற்றை வடிகட்டினாலோ பிஎச்சை, அதாவது அமில-கார அளவைச் சரிசெய்தாலோ அதையும் எழுதவேண்டும்.

செல் பகுதி: எல்-929 எலி நார்ச்செல்கள், 96 குழித் தட்டு, குழிக்கு 10,000 செல் 100 மைக்ரோலிட்டரில். ஒருநாள் ஒட்டவிட்டு, திரவத்தை எடுத்துவிட்டு, சாற்றை 100, 50, 25, 12.5 விழுக்காடு என்று நீர்த்த வரிசையில் விடுவது. 24 மணி நேரம் கழித்து எம்டிடி என்ற சாயக் கரைசல், ஒரு மில்லிலிட்டருக்கு 1 மில்லிகிராம் வீதம், குழிக்கு 50 மைக்ரோலிட்டர், 2 மணி நேரம். உயிருள்ள செல் மஞ்சள் எம்டிடியை ஊதாப் படிகமாக மாற்றும். ஐசோபுரொப்பனாலில் அதைக் கரைத்து 570 நானோமீட்டரில் நிறத்தை அளப்பார்கள். சாறில்லாத குழியோடு ஒப்பிட்டு 70 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கினால் செல் நச்சுத்தன்மைக்கு வாய்ப்புண்டு என்று பொருள். பாதியாக நீர்த்த சாறு முழுச் சாற்றைவிடக் குறைவான உயிர்ப்பைக் காட்டினால் எங்கோ பிசகு, திரும்பச் செய்யவேண்டும். தட்டின் ஓரக் குழிகளில் செல் போடக்கூடாது. ஈரம் முதலில் ஆவியாவது அங்கேதான். சாறில்லாத ஒப்பீட்டுக் குழிகளைத் தட்டின் இடப்பக்கம் ஒரு வரிசை, வலப்பக்கம் ஒரு வரிசை வைத்து, இரண்டுக்கும் வித்தியாசம் 15 விழுக்காட்டுக்குள் இருக்கிறதா என்று பார்ப்பது செல் சமமாக விழுந்ததா என்பதற்கான காவல்.

ஒப்பீட்டுப் பொருள் இல்லாமல் இந்த எண்கள் வெற்று எண்கள். ‘சாது’ பக்கத்துக்கு உயர் அடர்த்தி பாலிஎத்திலீன். ‘கொல்லும்’ பக்கத்துக்குப் பலர் வைப்பது 0.1 விழுக்காடு துத்தநாக டைஎத்தில்டைதையோகார்பமேட் கலந்த பாலியூரித்தேன் படலம். வாயில் நுழையாத அந்தப் பெயரைக் கையுறைத் தொழிற்சாலையில் இருந்தவர்கள் ‘இசட்டிஇசி’ என்று கேட்டிருப்பார்கள். ரப்பரை வேகவைத்து உறுதியாக்குவதைத் துரிதப்படுத்தும் முடுக்கி அது. உங்கள் மனைவியின் கையைப் புண்ணாக்கியது அதுவாகவோ அதன் பங்காளியாகவோ இருக்க நல்ல வாய்ப்புண்டு.

இனி, மகளுக்கு வந்த முடிவுகள் ஒவ்வொன்றாக.

பயோசெராமிக் பாதிக்கு மேல் கொன்றது ஏன்? முதல் சந்தேகம் காரத்தன்மை. இந்த வகைக்கு மூத்தது எம்டிஏ என்ற பல் சிமென்ட். லோமா லிண்டா பல்கலைக்கழகத்தில் தோராபினெஜாத் 1990களின் தொடக்கத்தில் உருவாக்கியது. கலந்த உடனே அதன் பிஎச் 10.2, மூன்று மணி நேரத்தில் 12.5. எல்-929 செல்லுக்குப் பிடித்தது 7.2லிருந்து 7.4. சாறு ஊற்றியதும் திரவம் கத்திரிப்பூ நிறத்துக்குத் திரும்பியிருந்தால் செல்லைக் கொன்றது காரம்தான். உடலில் ரத்தமும் திசுநீரும் அந்தக் காரத்தைத் தணித்துக்கொண்டே இருக்கும். மேலும் அந்தக் காரமும் கால்சியமும்தான் கடினத்திசு வளர உதவும் குணம். தட்டில் அதே குணம் குற்றமாகிவிடுகிறது. ஒரு வரிசை பிஎச் தணித்த சாற்றிலும் செய்து பக்கத்தில் வைத்தால் எவ்வளவு காரத்தின் பங்கு, எவ்வளவு மற்றதின் பங்கு என்று பிரித்துச் சொல்லலாம். தணித்ததை மட்டும் காட்டி முடிவெழுதுவது மோசடி. இன்னொன்று, கால்சியம் திரவத்திலுள்ள பாஸ்பேட்டோடு சேர்ந்து வெண்படிகமாகச் செல்லின்மேல் படியும். செல்லின் உணவும் குறையும், நிற அளவீடும் குழம்பும். எண்ணை நம்புமுன் உருப்பெருக்கியில் ஒருமுறை தட்டைப் பார்த்துவிடவேண்டும். செல் உருண்டு மிதக்கிறதா, ஒட்டியே இருக்கிறதா என்பது அங்கே தெரியும். செல் உருவத்தைப் பார்த்து 0 முதல் 4 வரை மதிப்பெண் போடும் முறையும் ஐஎஸ்ஓவில் உண்டு. 2க்கு மேல் போனால் நச்சு.

துத்தநாக யூஜெனால் கொல்வதில் வியப்பே இல்லை. யூஜெனால் கிராம்பு எண்ணெயின் சாரம். பல்வலிக்குப் பஞ்சில் நனைத்து வைப்பது தோட்டத்து லயத்தில் எல்லாருக்கும் தெரியும். அதை ஈறில் நேரே வைத்தால் வெந்துபோவதும் தெரியும். குறைந்த அளவில் வலியையும் வீக்கத்தையும் அடக்கும், கூடின அளவில் செல்லைக் கரைக்கும். இறுகியபின்னும் தண்ணீர் பட்டால் அந்தக் கூட்டுப்பொருள் மெல்ல உடைந்து யூஜெனாலை விட்டுக்கொண்டே இருக்கும். சோதனையில் இதற்கு ஒரு தனித் தந்திரம் உண்டு: யூஜெனால் ஆவியாகும். ஒரே தட்டில் மூன்று சீலரும் பக்கம் பக்கமாக இருந்தால் அந்த ஆவி அடுத்த குழிக்குப் போய், குற்றமற்ற அண்டை வீட்டாரையும் கொன்றுவிடும். பயோசெராமிக் வரிசை அதற்குப் பக்கத்தில் இருந்ததா என்று மகளைக் கேளுங்கள். அதற்குத் தனித்தட்டு வைப்பதே நல்லது.

எதிர்த்திசையிலும் தவறு நடக்கும். செல்லே இல்லாத குழியில் சாற்றையும் எம்டிடியையும் விட்டுப் பாருங்கள். ஊதா வந்தால், அந்தச் சாறே எம்டிடியை ஊதாவாக மாற்றுகிறது. செத்த செல்லை உயிரோடிருப்பதாகக் காட்டும். இந்த வெற்றுக்குழிச் சோதனைக்கு ஆகும் செலவு சில குழிகள் மட்டும். செய்யாமல் விட்டால் முழுத் தட்டும் சந்தேகத்தில். கிருமி நீக்குவதிலும் கவனம் வேண்டும். வில்லையை ஆட்டோகிளேவ் என்ற நீராவிக் கொதிகலத்தில் போட்டால் அது வேறு பொருளாகிவிடும். கட்டாபெர்ச்சா 60 டிகிரிக்கு முன்பே உருகத் தொடங்கும். எத்திலீன் ஆக்சைடு வாயு உள்ளே தங்கி, அதுவே கொல்லும். கிருமியற்ற மேடையில் கலந்து, முகத்துக்கு முகம் புற ஊதா ஒளி காட்டுவது போதும். ஒப்பீட்டு வில்லைக்கும் அதையே செய்யவேண்டும்.

இவ்வளவும் சரியாகச் செய்து, இறுகாத எபோக்சி கொல்கிறது என்று வந்தால் அது உண்மைதான். ஆனால் பல்லில் எவ்வளவு பரப்பு திசுவைத் தொடுகிறது? வேர் நுனித் துளையின் குறுக்களவு 0.3 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் பரப்பு 0.07 சதுர மில்லிமீட்டர். மகளின் வில்லை 220 சதுர மில்லிமீட்டர். மூவாயிரம் மடங்கு. போதாததற்கு டென்டின் பல பொருள்களைத் தன்னோடு பிடித்துவைத்துக்கொள்ளும். அந்தப்பக்கம் ரத்த ஓட்டம் இருந்து கழுவிக்கொண்டே இருக்கும். இதை ஓரளவாவது தட்டில் கொண்டுவரத்தான் ஐஎஸ்ஓ 7405இல் டென்டின் தடுப்புச் சோதனை இருக்கிறது: பொருளுக்கும் செல்லுக்கும் நடுவே மெல்லிய டென்டின் வில்லையை வைத்து, கீழே திரவத்தை ஓடவிடுவது. இது முதலில் பல்கூழின்மேல் வைக்கும் பொருள்களுக்காக வந்தது. சீலருக்கு நுனித் துளை திறந்தே இருப்பதால் இதை மட்டும் நம்பிவிடவும் கூடாது.

அப்படியானால் தட்டில் தேறியது எல்லாம் பல்லில் தேறுமா? அதுவும் இல்லை. முன்காலத்தில் வேர்க்குழாயில் வெள்ளிக் குச்சி வைப்பார்கள். புதிதாக இருக்கும்போது பளபளப்பு; வருடங்கள் கழித்துத் திசுநீர் பட்டு அரித்து, வெள்ளி சல்பைடு போன்ற கறுப்பு உப்புகளாகி நுனியைப் புண்ணாக்கியது. 24 மணி நேரச் சோதனை இதைக் காட்டாது. மேல் கடைவாய்ப் பல்லின் வேர் மூக்குப்பக்கக் குழிக்குள் எட்டிப்பார்க்கும் இடத்தில் துத்தநாகச் சீலர் பிதுங்கினால், அங்கே ஆஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சை உருண்டையாக வளர்ந்த நேர்வுகள் மருத்துவ இதழ்களில் உண்டு. அந்தப் பூஞ்சைக்குத் துத்தநாகம் பிடிக்கும். எல்-929க்குப் பூஞ்சையும் தெரியாது, நரம்பும் தெரியாது. ஒவ்வாமை என்றாலே என்னவென்று தெரியாது, அதற்கு நோய் எதிர்ப்பு மண்டலமே இல்லையே.

அதற்காகத்தான் விலங்குச் சோதனைகள். எலியின் தோலடியில், சீலர் நிரப்பிய சிறு பாலிஎத்திலீன் அல்லது டெஃப்லான் குழலைப் பதித்து, ஒரு வாரம், ஒரு மாதம், மூன்று மாதம் என்று எடுத்துச் சுற்றியுள்ள திசுவை வெட்டிப் பார்ப்பார்கள். குழலின் நடுச்சுவர்ப் பக்கத் திசுவே ஒப்பீடு. திறந்த முனையில் அதைவிட எவ்வளவு வீக்கம், நார்க்கூட்டின் தடிமன் எவ்வளவு என்று மதிப்பெண் போடுவது. இங்கே நடக்கும் பிசகுகளும் பழகினவைதான். நிரப்பும்போது முனைக்கு வெளியே பிதுங்கிய பசையும், முனைக்குள் நின்றுபோன காற்றுக்குமிழியும் முடிவை இருபக்கமும் இழுக்கும். எக்ஸ்ரேக்காகச் சேர்த்த டங்ஸ்டேட், பிஸ்மத் துகள்களை விழுங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பெருவிழுங்கிச் செல்களைப் பார்த்துத் தீவிர வீக்கம் என்று எழுதிவிடுவார்கள். அவை துப்புரவு வேலைதான் செய்துகொண்டிருக்கும். ஒவ்வாமைக்குக் கினிப்பன்றித் தோல் சோதனையோ எலியின் நிணநீர்க்கணுச் சோதனையோ. கடைசியாக, நாயின் பல்லில் மனிதருக்குச் செய்வதுபோலவே வேர்க்குழாய் நிரப்பிப் பார்க்கும் பயன்பாட்டுச் சோதனை. இப்போது அரிதாகத்தான் செய்கிறார்கள், வேதியியல் ஆய்வும் தட்டுச் சோதனையும் போதாதபோதே விலங்கை நாடவேண்டும் என்பது விதி. மரபணுச் சேதத்துக்குப் பாக்டீரியாவை வைத்து ஏம்ஸ் சோதனை தொடக்கம்.

ஃபார்மால்டிஹைடு விஷயத்தில் மட்டும் எனக்குச் சமரசம் இல்லை. ஏஎச் 26 என்ற பழைய எபோக்சி சீலர் இறுகும்போது அதிலுள்ள ஹெக்சாமின் சிதைந்து கொஞ்சம் ஃபார்மால்டிஹைடு வரும்; ஏஎச் பிளஸில் அந்தப் பொருளையே மாற்றினார்கள். ஆனால் என்2 வகைப் பசைகளில் பாராஃபார்மால்டிஹைடு மருந்தாகவே சேர்க்கப்பட்டது. திசுவை ‘பதப்படுத்த’ என்றார்கள். அது கீழ்த்தாடை நரம்புக் கால்வாய்க்குள் போனால் உதடும் தாடையும் நிரந்தரமாக மரத்துப்போன நேர்வுகள் பல. எந்தச் சோதனை முடிவைக் காட்டினாலும் அந்த வகைப் பசை வேண்டாம்.

இனி உங்கள் வீட்டம்மா. கையுறைத் தொல்லை இரண்டு வகை. போட்ட சில நிமிடத்தில் தடிப்பு, தும்மல், மூச்சிரைப்பு வந்தால் அது பால்மரத்துப் புரதத்துக்கான ஒவ்வாமை, ஆபத்தானது. ஓரிரு நாள் கழித்து அரிப்பு, வெடிப்பு, புண் என்றால் பெரும்பாலும் முடுக்கி வேதிப்பொருளுக்கானது. பால் வெட்டும் காலத்தில் ஒன்றும் இல்லாமல் தொழிற்சாலையில்தான் தொடங்கியது என்றால் இரண்டாவதை நான் முதலில் சந்தேகிப்பேன்; உறுதிப்படுத்துவது தோல் மருத்துவர் தோலில் ஒட்டிப் பார்க்கும் பட்டைச் சோதனை. கட்டாபெர்ச்சா வேறு குடும்பத்து மரம் என்பதால் அதிலிருந்து பால்மரப் புரத ஒவ்வாமை வரும் வாய்ப்பு மிகக் குறைவு. கட்டாவுக்குப் பதிலாக பலாட்டா என்ற உறவுக்காரப் பிசின் கலந்த குச்சிகளில் மட்டும் சந்தேகத்துக்கு இடமுண்டு. சிகிச்சையின்போது உண்மையில் ரப்பர் வருவது டாக்டரின் கையுறையிலும், பல்லைத் தனிமைப்படுத்த வாயின்மேல் இழுத்துக் கட்டும் ரப்பர் டேமிலும்தான். லேட்டெக்ஸ் இல்லாத டேம் கிடைக்கிறது, கேளுங்கள். டேமே வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அது இல்லாமல் எச்சில் குழாய்க்குள் இறங்கினால் எந்த உயர்ந்த சீலரும் காப்பாற்றாது. நைட்ரைல் கையுறையிலும் பலவற்றில் முடுக்கி இருக்கும். முடுக்கி இல்லாத வகை என்று எழுதியிருப்பதைக் கேட்கவேண்டும். எபோக்சிப் பசை, பெயின்ட் பட்டு எப்போதாவது தோல் வெந்ததுண்டா என்பதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். உண்டு என்றால் எபோக்சி சீலரை விட்டுக் கால்சியம் சிலிகேட்டுக்குப் போவது நியாயம். இல்லை என்றால் எபோக்சியில் தயங்க ஒன்றுமில்லை.

கீழ்க் கடைவாய்ப் பல், அதிலும் இரண்டாவது என்றால், நுனி நரம்புக் கால்வாய்க்கு மிக அருகில் இருக்கக்கூடும். குழாயின் நீளத்தை மின்கருவியால் அளந்து, எக்ஸ்ரேயிலும் பார்த்து, சீலரை நுனிக்குள்ளேயே நிறுத்துவதுதான் அங்கே உயிர் இணக்கத்தின் பாதி. ஊசியின் மரப்பு சில மணி நேரத்தில் விட்டுவிடும். மறுநாள் காலையிலும் கீழுதடு மரத்தே இருந்தாலோ, சுள்ளென்று எரிந்தாலோ, ஒரு வாரம் பார்க்கலாம் என்று இருக்கவேண்டாம். அன்றே கிளினிக்குக்குப் போய்ப் படம் எடுத்து, சீலர் கால்வாய்க்குள் போயிருந்தால் உடனே ஈப்போ பெரிய ஆஸ்பத்திரியின் வாய்-முக அறுவைப் பிரிவுக்குப் போகவேண்டும். முதல் ஒன்றிரண்டு நாளுக்குள் எடுத்தால் நரம்பு மீளும் வாய்ப்புக் கூடுதல்.

சீலரின் பெயரைப் பெட்டியைப் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். மலேசியாவில் 2012ஆம் ஆண்டு மருத்துவச் சாதனச் சட்டம், அதாவது சட்டம் 737, இவற்றையும் கட்டுப்படுத்துகிறது. சுகாதார அமைச்சின் கீழுள்ள மருத்துவச் சாதன ஆணையத்தின் பதிவேட்டில் பெயரைப் போட்டுத் தேடலாம். இணையத்தில் மலிவாக வரும், பெட்டியில் பதிவெண் இல்லாத பசைகளுக்கு எந்தச் சோதனையும் யாரும் கேட்டிருக்கமாட்டார்கள்.

மகளுக்கு நேரம் குறைவென்றால் எல்லாவற்றையும் திரும்பச் செய்யவேண்டியதில்லை. இறுகிய வில்லைகளின் ஒரு வரிசை, யூஜெனாலுக்குத் தனித்தட்டு, செல்லில்லாத எம்டிடிக் குழிகள், பயோசெராமிக்குக்கு பிஎச் அளவு. இந்த நான்கையும் சேர்த்து, முதலில் வந்த முடிவையும் அழிக்காமல் ‘இறுகாத நிலை’ என்று தலைப்பிட்டுப் பக்கத்திலேயே வைக்கட்டும்.